நான்கு சதவீதத் திறப்பு

“எஃப்ஐ வண்டின்னா ஸ்லோவுல கொஞ்சம் வெட்டத்தாங்க செய்யும். போகப் போகப் பழகிடும்.” என் பைக் மெதுவாகப் போகும்போது வெட்டி வெட்டிப் போகிறது என்று சொன்னால் வரும் இந்தப் பதிலை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். எஃப்ஐ என்றால் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், கம்ப்யூட்டர் கணக்குப்படி பெட்ரோலைத் தெளிக்கும் ஏற்பாடு. சர்வீஸ் கவுண்டரில் இருந்தவர் சொன்னார், அதே மாடல் வைத்திருக்கும் நண்பர்கள் சொன்னார்கள், பங்க்கில் பக்கத்தில் வண்டியை நிறுத்திய முன்பின் தெரியாதவர்கூடச் சொன்னார். எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. வண்டியில் இருக்கும் குணத்தை ஓட்டுகிறவரின் பழக்கக் கணக்கில் எழுதி முடித்துவிடுகிற பதில் அது. ஏன் வெட்டுகிறது என்று திருப்பிக் கேட்டால், எல்லா வண்டியிலும் அப்படித்தான் என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிடும்.

என்னுடையது ஒற்றை சிலிண்டர், 400 சிசிக்குக் கொஞ்சம் கீழே, பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது. பைபாஸில் 80-ல் போனால் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லை எல்லாம் 20-க்கும் 40-க்கும் நடுவில். வேகத்தடை ஏறி இறங்கியதும் லேசாக ஆக்சிலேட்டரைத் தொட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. அடுத்த கணம் வண்டி ஒரு குதி குதிக்கும். பதறிக் கையைத் தளர்த்தினால் மூக்கு கீழே போகும். நாமக்கல்லில் இருப்பவனுக்குக் கொல்லிமலைதான் பக்கத்து மலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து செம்மேடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கையை விட்டு, வண்டியைச் சாய்த்து, பாதி வளைவில் திரும்ப ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும். வண்டி சாய்ந்திருக்கும்போது வருகிற அந்தக் குதிதான் பயம் தருவது. சமாளிக்க ஹாஃப் கிளட்ச் போட்டே ஏறுவேன். மேலே போய்ச் சேரும்போது இடது மணிக்கட்டு வலிக்கும். அம்மா பின்னால் உட்கார்ந்து வந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் இடிக்கும். இறங்கியதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “பஸ்ஸுலயே வந்திருக்கலாம் சாமி” என்பார். பழகிக்கொள்ளச் சொல்கிறவர்கள் பின்சீட்டில் இருப்பவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்படித் தொடங்கியதுதான் இந்தத் தேடல். பவர் கூட்டுவது எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினால் என்ன நடக்கிறது என்பதில் எனக்குப் புகாரே கிடையாது. இரண்டு சதவீதத்துக்கும் ஆறு சதவீதத்துக்கும் இடையில் கை அசையும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. ஊருக்குள் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி கை அங்கேதான் இருக்கிறது.

கார்புரேட்டர் நன்றாக இருந்தது ஏன்

“கார்புரேட்டர் காலத்துல இந்தத் தொல்லையே கிடையாது” என்று சொல்கிறவர்களோடு வெகுநாள் சண்டை போட்டிருக்கிறேன். எஃப்ஐக்கு முன் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர்தான். அவர்கள் சொல்வது உண்மைதான், காரணம்தான் வேறு. கரிஸ்மா, பல்சர் 220 போன்ற வண்டிகளில் இருந்த சிவி கார்புரேட்டரில் கேபிள் திறப்பது காற்றுக் குழாய்க்குள் திரும்பும் வட்டத் தகடான பட்டர்ஃப்ளை வால்வை மட்டும். அதற்கு முன்னால் ஒரு ஸ்லைடு தொங்கும். அதைத் தூக்குவது எஞ்சின் இழுக்கும் வேக்குவம். நடுவில் டயாஃப்ரம் என்ற ஒரு ரப்பர் சவ்வு. நீங்கள் கையைப் படக்கென்று திருகினாலும் ஸ்லைடு எஞ்சினுக்குத் தேவையான அளவுக்குத்தான், அதற்குரிய நேரத்தில்தான் எழும்பும். மேலதிகாரியின் அவசர உத்தரவுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஆகிற வேகத்தில் வேலையை முடிக்கும் பழைய குமாஸ்தா மாதிரி. கை செய்கிற நடுக்கம், தயக்கம், அவசரம் எல்லாம் அந்த டயாஃப்ரத்தில் வடிந்துவிடும். நாம் ‘ஸ்மூத்’ என்று சொன்னது அந்த வடிகட்டலைத்தான்.

எஃப்ஐ வந்ததும் அந்த வடிகட்டி போய்விட்டது. காற்றை உள்ளே விடும் வால்வு இருக்கும் குழாயான த்ராட்டில் பாடியில் கேபிளுக்கும் காற்றுக்கும் நடுவில் எதுவும் இல்லை. நாற்பது மில்லிமீட்டரைத் தாண்டும் ஒரு குழாயில் வால்வு இரண்டு சதவீதத்திலிருந்து நான்குக்குப் போனால் உள்ளே போகும் காற்று ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அறுபதிலிருந்து அறுபத்திரண்டுக்குப் போனால் எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது. கை ஒரே அளவுதான் அசைந்தது. போதாக்குறைக்கு ஒற்றை சிலிண்டர். 3000 ஆர்பிஎம்மில் 40 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் எரிப்பு நடக்கும். நான்கு சிலிண்டர் வண்டியில் அதே வேகத்தில் 10 மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஒரு எரிப்பு தப்பாகப் போனால் அடுத்ததில் திருத்துவதற்குள் வண்டி ஆடிவிடுகிறது.

இது எஞ்சினியர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். ஜப்பானிய வண்டிகளில் 1980-லேயே கவாசாகி இசட் 1000 எஃப்ஐயுடன் வந்துவிட்டது. 1983-ல் பிஎம்டபிள்யூ கே 100. ஆனாலும் 2000-ல் வந்த ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750-ல் சுசுகி ஒரே த்ராட்டில் பாடிக்குள் இரண்டு வால்வு வைத்தது. ஒன்று ஓட்டுகிறவரின் கைக்கு, இன்னொன்று கம்ப்யூட்டரின் கைக்கு. அந்த இரண்டாவது வால்வு சிவி கார்புரேட்டரின் ஸ்லைடு செய்த வேலையைத்தான் மோட்டார் வைத்துச் செய்தது. இன்றைய ரைடு-பை-வயர் வண்டிகளில் கேபிளே கிடையாது, கை கேட்பதை எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ தன் கணக்குப்படி மொழிபெயர்த்துத் திறக்கிறது. 2017 கேடிஎம் 390 டியூக்கிலேயே அது வந்துவிட்டது. நம் ஊரிலோ 2007-ல் எஃப்ஐயுடன் வந்த பல்சர் 220, 2009-ல் கார்புரேட்டருக்குத் திரும்பியது. விலையும் குறைந்தது, யாரும் வருத்தப்படவும் இல்லை. கார்புரேட்டரைக் கடைசியில் அனுப்பி வைத்தது 2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுக்க வந்த பிஎஸ் 6.

அதனால் பிஎஸ் 6-ஐத் திட்டுவது சுலபமாகிவிட்டது. “லீனா விட்டுட்டாங்க, அதான் வெட்டுது.” நான் கேட்ட இரண்டாவது பெரிய கருத்து இது. லீன் என்றால் பெட்ரோல் குறைந்த கலவை. இதில் பாதி சரி. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். நல்ல இழுவைக்கு 13-ஐ ஒட்டிப் போக வேண்டும். ஆனால் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிஸ்ட், கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் கலவை அந்த 14.7-ஐ ஒட்டியே இருந்தாக வேண்டும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை வைத்துக் கலவையைச் சொல்லும் லாம்ப்டா சென்சார் 0.45 வோல்ட்டைச் சுற்றி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து ஈசியூ ஒரு சிட்டிகை கூட்டும், ஒரு சிட்டிகை குறைக்கும். சீரான வேகத்தில் போகும் வரை இதுதான் நடக்கிறது. எனக்கு இதில் கோபம் வரவில்லை. திருச்செங்கோடு ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றவன் நான். சுத்தமான புகைக்குழாய் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மேப்புக்கு முன்னால்

எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று ஈசியூவுக்குள் எழுதியிருக்கும் அட்டவணைதான் மேப். அதை மாற்றுவது என்று முடிவு செய்து எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது அவர் லேப்டாப்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தார். “தம்பி, இங்க பாருங்க. சக்கரம் இவ்வளவு திரும்புன பொறவுதான் எஞ்சின் ஸ்ப்ராக்கெட் அசையுது. நீங்க கை வெச்சதும் இந்த எடவெளி மொதல்ல ரொம்போணும், அப்புறந்தான் இழுக்கும். இத அப்படியே விட்டுட்டு மேப்பு போட்டா எப்படிங்க சரியாகும்?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வாரம் முழுக்க வேலை இருந்தது. செயின் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தொளதொளவென்றும் இருந்தது. ஒரு சீராகத் தேயாத செயினுக்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். புது செயின் போட்டு, ஹேண்ட்புக்கில் சொன்ன அளவுக்குத் தொய்வு வைத்தார். பின் ஹப்பைக் கழற்றினால் டிரம் ரப்பர் கெட்டியாகிச் சுருங்கிப் போயிருந்தது. எஞ்சினின் உதையைச் சக்கரத்துக்குப் போவதற்கு முன் தாங்கிக்கொள்ள வண்டியில் இருக்கும் முக்கியமான மெத்தை அந்த ரப்பர்தான். விலை சில நூறு ரூபாய். பலர் பல்லாயிரம் செலவழித்து மேப் மாற்றுகிறார்கள். டிரம் ரப்பரைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. இதைச் சத்தமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்: உங்கள் எஃப்ஐ வண்டி வெட்டினால், முதலில் பின் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

அடுத்து ஆக்சிலேட்டர் கேபிள். க்ரிப்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விளையாட்டு இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கை அந்த இடைவெளியைத் தாண்டி வேகம் எடுத்தபிறகுதான் வால்வைத் தொடும்; அதனால் எப்போதும் தேவைக்கு மேலேயே திறக்கும். த்ராட்டில் பாடியில் வால்வின் விளிம்பைச் சுற்றிக் கருப்பாகக் கார்பன் வளையம் படிந்திருந்தது. மூடிய நிலையில் போகவேண்டிய காற்றை அது அடைக்கும், கொஞ்சம் திறந்ததும் மொத்தமாக விடும். துணியும் க்ளீனரும் வைத்துத் துடைத்தார், சுரண்டவில்லை. சுரண்டினால் உள்ளே இருக்கும் பூச்சு போய்விடும் என்றார். மேனிஃபோல்டு ரப்பரில் வெடிப்பு இல்லை. எஞ்சின் வால்வுக்கு விடும் டேப்பட் இடைவெளி எக்ஸாஸ்ட் பக்கம் இறுகியிருந்தது, சரி செய்தார். பேட்டரி வோல்டேஜ் பார்த்தார். எனக்கு அது எதற்கு என்று புரியவில்லை, அப்புறம் விளக்கினார். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருப்பது ஏறக்குறைய 2 மில்லிசெகண்ட். அதில் வால்வு எழும்பவே கிட்டத்தட்ட பாதி நேரம் போய்விடும். வோல்டேஜ் குறைந்தால் எழும்ப இன்னும் நேரமாகும். ஈசியூ அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கு நல்ல வயரிங்கையும் நல்ல எர்த்தையும் நம்பி எழுதப்பட்டது.

இவ்வளவும் முடிந்து ஓட்டியபோது தொல்லையில் பாதி போய்விட்டது என்று சொன்னால் மிகையில்லை. வேகத்தடைக் குதி தணிந்தது. ஆனால் கொல்லிமலை வளைவில் நடுவழியில் வரும் அந்தக் குறிப்பிட்ட வெட்டு மட்டும் போகவில்லை. முன்பு எல்லாம் கலந்து மங்கலாக இருந்தது, இப்போது தனியாக, தெளிவாக, எந்த இடத்தில் வருகிறது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய அளவுக்கு நின்றது. அதை ஒரு முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கட்டத்தில்தான் பலரும் குறுக்குவழிக்குப் போகிறார்கள். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாருக்கு நடுவில் ஒரு ரெசிஸ்டர் செருகினால், காற்று 20 டிகிரி குளிராக இருப்பதாக ஈசியூ நம்பிவிடும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் ஆறு சதவீதம் போல பெட்ரோலைக் கூட்டும். யோசனை புத்திசாலித்தனமானது. ஆனால் லாம்ப்டா சென்சார் உயிரோடு இருக்கும் வண்டியில், சீரான வேகத்தில் போகும்போது அந்தச் சென்சார் “அதிகமாக வருகிறது” என்று சொல்லும், ஈசியூ திரும்பக் குறைக்கும், கொஞ்ச நாளில் அதையே கற்றுக்கொண்டு நிரந்தரமாகவும் எழுதி வைத்துக்கொள்ளும். சென்சாரின் கண்ணைக் கட்ட இன்னொரு டப்பா விற்கிறார்கள். அதைப் போட்டால் ஈசியூ தன் கலவையைத் தானே பார்க்க முடியாமல் போய்விடும். கலவை தடித்துக்கொண்டே போனால் கேட்டலிஸ்ட் சூடாகிச் சாகும். அந்தப் பக்கம் போவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். இன்ஜெக்டர் வயரில் குறுக்கே உட்கார்ந்து, அதைத் திறக்க ஈசியூ அனுப்பும் மின் துடிப்பை, அதாவது பல்ஸை, நீட்டிக் குறைக்கும் பிக்கிபேக் கருவிகள் இவற்றைவிட மேல். பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ் செய்யும் ஃப்யூயல்எக்ஸ் நம்மூர் வண்டிகளில் நிறையப் பார்க்கலாம். எனக்கும் அதையே பலர் சொன்னார்கள். வாங்கவே போயிருப்பேன், கோயம்புத்தூரில் ஒருவரைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

கோடுகள் காட்டியது

கோயம்புத்தூர் ரேஸ் ஊர். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பம்பும் மோட்டாரும் செய்கிற கைகள் எஞ்சினைத் தொடுவதில் ஆச்சரியம் இல்லை. அங்கே ரேஸ் வண்டிகளுக்கு மேப் எழுதும் ஒருவர், நண்பர் மூலம் அறிமுகம். அவரிடம் வண்டியை நின்ற இடத்தில் ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோ இருந்தது. வண்டியை ஏற்றி முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி ஒரு வளைகோடு எடுப்பார், அதைப் பார்த்து ஏதாவது மாற்றுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் டைனோவின் பக்கமே போகவில்லை. “ஃபுல் த்ராட்டில்ல உங்களுக்குப் புகார் இல்லைன்னு சொல்றீங்க. அப்ப அந்தக் கோடு உங்களுக்கு எதுக்குங்க? வெட்டுற எடத்துல ரெக்கார்ட் பண்ணிட்டு வாங்க” என்று சொல்லி, எக்ஸாஸ்ட் பைப்பில் ஒரு வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்தி, எல்லாவற்றையும் பதிவு செய்யும் லாகரைச் சீட்டுக்கு அடியில் கட்டி அனுப்பிவிட்டார். வண்டியோடு வரும் சாதாரண லாம்ப்டா சென்சாருக்குக் கூடவா குறைவா என்று மட்டும்தான் தெரியும். எவ்வளவு என்று சொல்ல வைட்பேண்ட் வேண்டும்.

கொல்லிமலை ஏறி இறங்கி, பதிவை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அவர் லேப்டாப்பில் விரித்த நான்கு கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம்தான் இந்த விஷயத்தில் எனக்கு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. மேலே த்ராட்டில் திறப்பு. அதன் கீழ் ஆர்பிஎம். அதன் கீழ் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம். கடைசியில் லாம்ப்டா. நான் முதலில் தேடியது நான்காவது கோட்டில், கலவை லீனாகப் போகும் இடங்களை. மலை ஏறும்போது கை சீராக இருந்த இடங்களில் அது முழுதாக எரியும் கலவையைக் குறிக்கும் 1-ஐச் சுற்றி லேசாக மேலும் கீழும் ஆடியது. அவ்வளவுதான். எல்லாரும் குற்றம் சொல்லும் அந்த லீன் கலவையில் வண்டி ஒரு வெட்டும் இல்லாமல் ஏறியிருந்தது. ஆர்பிஎம் கோடு அங்கே தண்ணீராக ஓடியது.

“அங்க பாக்காதீங்க, இங்க பாருங்க” என்று மூன்றாவது கோட்டைக் காட்டினார். ஒவ்வொரு வளைவிலும் நான் கையை விட்டதும் இன்ஜெக்டர் நேரம் இறங்கி, சுழியத்தைத் தொட்டு, தட்டையாகக் கிடந்தது. பெட்ரோல் முழுதாக நின்றுவிட்டது. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது, எஞ்சின் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தால் ஈசியூ பெட்ரோலை நிறுத்தும். பெட்ரோல் மிச்சம், புகையும் குறைவு. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வேக எல்லை நான் இரண்டாம் கியரில் கொண்டை ஊசி திரும்பும் ஆர்பிஎம்முக்கு நடுவிலேயே விழுந்திருந்தது. வளைவுக்குள் போகும்போது எல்லைக்கு மேலே இருப்பேன், நிற்கும். வேகம் குறைந்து எல்லைக்குக் கீழே வரும், நான் கை வைக்காமலே பெட்ரோல் திரும்ப வரும். சில வளைவுகளில் அதற்கு முன்பே நான் கை வைப்பேன், அப்போது வரும். ஒரே வளைவில் இரண்டு முறைகூட நின்று வந்திருக்கிறது. நான் உணர்ந்த குதி ஒவ்வொன்றும் அந்தச் சுழியத்தின் வலது ஓரத்தில் இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

திரும்ப வருகிற அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்றும் கோட்டிலேயே தெரிந்தது. லாம்ப்டா கொஞ்சம் தாமதித்துத்தான் வரும், எரிந்த புகை சென்சார் வரை ஓட வேண்டுமே. அவர் அந்தக் கோட்டை ஒரு நூல் இடது பக்கம் நகர்த்தி வைத்துப் படித்தார். சாதாரணமாக எஞ்சினுக்குள் காற்று நுழையும் வழியான இன்லெட் போர்ட்டின் சுவரில் பெட்ரோல் ஒரு மெல்லிய படலமாக ஈரமாக இருக்கும். இன்ஜெக்டர் நின்றிருந்த நேரத்தில் அது காய்ந்துவிடுகிறது. திரும்ப வரும் முதல் பெட்ரோலில் ஒரு பங்கு சுவரை நனைக்கவே போய்விடும், எஞ்சினுக்குக் கிடைப்பது குறைவு. அதுதான் “ஒன்றும் நடக்காத” அந்தக் கணம். ஓட்டுகிற கை அதை உணர்ந்து இன்னும் கொஞ்சம் திருகுகிறது. அடுத்த எரிப்புக்குப் போதுமானது வந்துவிடும், கையும் கூடத் திறந்திருக்கும். 40 மில்லிசெகண்ட் இடைவெளியில் எஞ்சின் வண்டியைப் பின்னால் பிடித்து இழுப்பதிலிருந்து முன்னால் தள்ளுவதற்கு மாறுகிறது, செயின் ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுகுகிறது, பின்சீட்டு ஹெல்மெட் முன்சீட்டு ஹெல்மெட்டில் இடிக்கிறது.

பிக்கிபேக் கருவி இங்கே உதவியிருக்காது என்று அவர் சொன்னபோதுதான் அதன் வேலை எனக்கு முழுதாகப் புரிந்தது. வருகிற பல்ஸை அது நீட்டும். ஈசியூ பல்ஸே அனுப்பாதபோது நீட்ட அதனிடம் ஒன்றும் இல்லை. ஈசியூவுக்குள்ளேயே போய் எழுதத்தான் வேண்டும். வண்டிக்கு வாரண்டி முடிந்திருந்தது. வாரண்டி முடியாதவர்கள் இதை யோசிக்கக்கூட வேண்டாம் என்று அவரே சொன்னார்.

எதை மாற்றினார், எதை விட்டார்

மாற்றியது மிகக் கொஞ்சம். பெட்ரோல் நிறுத்தும் எல்லையை வளைவு திரும்பும் ஆர்பிஎம்முக்கு நன்றாக மேலே தள்ளினார், 4000-க்கு அந்தப் பக்கம். அதற்கு மேல் இருந்து கையை விட்டால் முன்போலவே நிற்கும். கீழே ஊர்ந்து போகும்போது ஐடிலிங்குக்கு வேண்டிய அளவாவது சொட்டிக்கொண்டிருக்கும், சுவர் காயாது. இரண்டாவது, நின்ற பெட்ரோல் திரும்ப வரும் சில சுற்றுகளுக்கு மட்டும் இக்னிஷனைச் சில டிகிரி தாமதப்படுத்தினார். தீப்பொறி தாமதமானால் அந்த எரிப்பின் உதை குறையும். அப்புறம் படிப்படியாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த மாற்றம். பெட்ரோலைக் கூட்டாமல் குறைக்காமல், பொறியை மட்டும் நகர்த்தி, அந்தப் பழைய டயாஃப்ரம் செய்த வடிகட்டலைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். மூன்றாவது, சின்னத் திறப்புகளில் கை வேகமாக அசையும்போது கூடுதலாக ஊற்றும் பெட்ரோலின் அளவைக் கொஞ்சம் சரிசெய்தார். லாம்ப்டா சென்சார், கேட்டலிஸ்ட், சீரான வேகத்துக் கலவை, முழு ஆக்சிலேட்டர் கட்டங்கள் எதையும் தொடவில்லை. “நல்லா இருக்குற எடத்துல கை வெச்சா அது நல்லா இல்லாமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்” என்றார்.

மலையில் வித்தியாசம் உடனே தெரிந்தது. ஹாஃப் கிளட்ச் இல்லாமல் இரண்டாம் கியரிலேயே வளைவைச் சுற்றி வர முடிகிறது. வண்டி சாய்ந்திருக்கும்போது கை லேசாகத் தொட்டால் லேசாகவே இழுக்கிறது. அம்மா இன்னும் பஸ்ஸைத்தான் விரும்புகிறார், ஆனால் கழுத்தைப் பிடிப்பதில்லை.

இதற்கு விலை இல்லாமல் இல்லை, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் காரவள்ளி இறங்கும்போது பின் பிரேக்கை முன்பைவிடக் கொஞ்சம் அதிகம் மிதிக்கிறேன். செங்குத்தான இடங்களில் முதல் கியர் போட்டுவிடுவது என்று வழக்கமாக்கிக்கொண்டேன். முன்பு சுழியமாக இருந்த இடத்தில் இப்போது கொஞ்சம் பெட்ரோல் எரிகிறது, கொஞ்சம் எரியாமல் கேட்டலிஸ்ட்டுக்குப் போகிறது. பியுசி என்ற புகைச் சோதனையில் அது தெரியாது. ஐடிலிங்கில்தான் அளக்கிறார்கள், ஐடிலிங் மாறவே இல்லை. ஆனால் சோதனையில் தெரியாது என்பதற்காக இல்லாமல் போய்விடாது. எரிபொருளை நிறுத்தும் அந்த எல்லையை எழுதிய எஞ்சினியர் ஒரு காரணத்துக்காகத்தான் அங்கே வைத்தார். புகையை அளக்க வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டும் சோதனை ஓட்டத்தில் ஒவ்வொரு மில்லிகிராமும் எண்ணப்படுகிறது. அவர் முன்னால் கொல்லிமலை இல்லை. மலைச்சாலையில் சாய்ந்த வண்டி குதிப்பதையும் ஊர்ந்து போகும்போது சில துளி பெட்ரோல் கூடுவதையும் தராசில் வைத்தால் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சென்சாரையும் கேட்டலிஸ்ட்டையும் கழற்றி எறிந்துவிட்டு ‘ஸ்மூத்தாக்கிவிட்டேன்’ என்று சொல்கிறவர்களோடு நான் நிற்கவும் இல்லை. அந்த வண்டிகளுக்குப் பின்னால் சிக்னலில் நிற்பது நாமும் நம் பிள்ளைகளும்தான்.

மேப் எழுதிய அந்தக் கோயம்புத்தூர்க்காரர் கடைசியாகக் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி: “எந்த பங்க்குல போடுறீங்க?” இப்போது பங்க்குகளில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு எரிய 9 பங்கு காற்று போதும் என்பதால் கலவைக் கணக்கே மாறும். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7, பத்து சதவீதக் கலப்புக்கு 14.1 அளவில், இருபதுக்கு 13.5 அளவில். லாம்ப்டா சென்சார் வேலை செய்யும் இடங்களில் ஈசியூ இதைத் தானே கண்டுபிடித்துச் சமாளித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை முழுதாகத் திறக்கும்போதும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதும் அது சென்சாரைக் கேட்பதில்லை, அட்டவணையில் எழுதியிருப்பதை ஊற்றும். பத்துக்கு எழுதிய அட்டவணை இருபதில் நான்கு சதவீதத்துக்கு மேல் லீனாகிவிடும். அதனால் எந்தப் பெட்ரோலைத் தினமும் போடப்போகிறோமோ அதைப் போட்டுத்தான் மேப் எழுத வேண்டும், ரேஸுக்கு வாங்கும் 100 ஆக்டேனைப் போட்டு எழுதிவிட்டு ஊர் பங்க்கில் நிரப்பக் கூடாது என்றார்.

எங்கள் பதிவுகள் எல்லாம் வெயில் காலத்தில் எடுத்தவை. குளிர்ந்த எஞ்சின் சூடாகும் வரைக்குமான வார்ம்-அப் அட்டவணையை அவர் தொடவில்லை. குளிரில் எடுத்த பதிவு இல்லாமல் தொட மாட்டேன் என்றார். மார்கழியில் செம்மேட்டில் ஒரு ராத்திரி தங்கி, விடியற்காலையில் எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது கிளப்பி, அடிவாரம் வரை லாகரை ஓடவிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.